‘பதினெட்டு ஆகலேன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க’

கேள்வி:

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன், 15 வயது, பத்தாம் வகுப்பு. இன்னும் நாலு மாசத்தில் 16 ஆகும். எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே ஒரு வாட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. மே மாச லீவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி கழுவப் போனான். கடைக்காரர் சாப்பாடு வாங்கித் தருகிறார், நல்ல மாதிரி என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் புது ஷூ வந்தது, செல்போன் வந்தது. கேட்டால் ‘சம்பளத்துல கழிச்சுக்குவாங்கம்மா’ என்றான். மூன்று வாரம் முன்னால் அவன் ஸ்கூல் பையில் பத்துப் பன்னிரண்டு பொட்டலம் இருந்தது. பிரித்தால் கஞ்சா. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு அவனை விளக்குமாற்றால் அடித்தேன். இப்போது அந்த ஆள், ‘சரக்குக்கு 12,000 ரூபாய் வை, இல்லாட்டி வேலை செஞ்சு கழி’ என்கிறானாம். ‘எனக்குப் பதினெட்டு ஆகலேன்னா போலீஸ் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு’ என்று பையன் சொல்கிறான். அவனுடைய ஏடிஎம் கார்டும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. ஸ்கூலுக்கும் ஒழுங்காகப் போவதில்லை. போலீசுக்குப் போனால் என் பையனைத்தானே பிடிப்பார்கள்? ‘ஊருக்கு அனுப்பிடு’ என்கிறார் எங்கள் அண்ணன். சீட்டை எடுத்து 12,000 கட்டிவிடலாமா என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும் மேடம்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீட்டை எடுக்காதீர்கள். அந்த 12,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

கட்டினால் விட்டுவிடுவான் என்று நினைக்கிறீர்கள். குற்றத்தில் சிக்கிய 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் மூன்று வருடம் சமூகப் பணி உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவர் பெண். அதுதான் குழுமம். எங்கள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பையன்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஒரு கணக்கு இருந்தது. எந்த நோட்டிலும் எழுதாத கணக்கு. ஷூவுக்கு இவ்வளவு, போனுக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு, தொலைந்துபோன சரக்குக்கு இவ்வளவு. பையன் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி கழுவினான், அதற்குக் கூலி என்ன என்பது மட்டும் அந்தக் கணக்கில் இருக்காது. ஒரு பையன் கொண்டுபோன பொட்டலத்தை நாலு பேர் வழிமறித்துப் பறித்துக்கொண்டார்கள். அதை ஈடுகட்ட எட்டு மாதம் ஓடினான். பறித்தவர்களும் அதே ஆள் அனுப்பிய பையன்கள்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. உங்கள் மகன் சரக்கைத் தொலைக்காமல் இருந்திருந்தாலும் வேறு ஏதாவது சொல்லி அவன் பெயரில் ஒரு கடன் எழுதியிருப்பான். அந்த ஆளுக்கு வேண்டியது உங்கள் 12,000 இல்லை. உங்கள் மகன் தலைகுனிந்து நிற்க ஒரு காரணம் வேண்டும். பணத்தைக் கட்டினால், இந்த வீடு வெளியே சொல்லாமல் பூசி மெழுகிவிடும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் அடித்ததைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை. பத்து மணி நேரம் நின்றபடியே பீஸ் பார்த்துவிட்டு வந்த ஒரு அம்மா, மகன் பையில் அதைப் பார்த்தால் என்ன செய்வாள்? ஆனால் இனி அடிக்க வேண்டாம். ஏன் என்று ஒரு பையன் வாயாலேயே சொல்கிறேன். உங்கள் மகன் வயதுதான் இருக்கும். ‘அந்த ஆள் உன்னை ஏமாத்தினது தெரிஞ்சப்புறமும் ஏன்டா அவன்கிட்டயே போனே?’ என்று கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ‘அவருதான் மேடம் தெனமும் சாப்பிட்டியான்னு கேப்பாரு’ என்றான். அவன் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஷிப்ட் வேலைக்காரர்தான். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் அழுத அழுகை இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்த அம்மா மேல் எந்தத் தவறும் கிடையாது. உங்கள் மேலும் கிடையாது. பிள்ளையைப் பிடிக்கிற ஆள் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் வருவான். அப்பா இல்லாத வீடு, அம்மா ஓவர்டைம் போகிற ஞாயிற்றுக்கிழமை, வாடகை பாக்கி, பள்ளியில் கடைசி பெஞ்ச். முதலில் சாப்பாடு வாங்கிக் கொடுப்பான், பிறகு ஒரு பொருள், பிறகு ஒரு சின்ன வேலை: ‘தம்பி, இதை அந்த டீக்கடைகிட்ட நிக்கிற அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா.’ உள்ளே என்ன என்று சொல்ல மாட்டான். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ சொல்லுவான். அதற்குள் பையன் ஏற்கெனவே செய்துவிட்டவன் ஆகிவிடுவான். ‘வெளிய சொன்னா நீதான் உள்ள போவ’ என்பது அதற்கப்புறம் வரும். அன்பாகத் தொடங்குவதால்தான் எந்த வீட்டிலும் இதை ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடிவதில்லை.

இப்போது, பதினெட்டு ஆகவில்லை என்றால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சுக்கு வருகிறேன். இதே வாக்கியத்தை வேறு வேறு ஊர்ப் பையன்கள் ஏறக்குறைய எழுத்து மாறாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

18 வயது ஆகாத பிள்ளையைச் சிறையில் அடைக்கக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளையிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. குற்றம் நிரூபணமானாலும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருடம்தான் வைக்கலாம். பிள்ளைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. இந்தியாவிலேயே முதலில் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1920இல்.

அந்த ஆள் மறைத்தது மீதியை. 16 வயது முடிந்த பிள்ளை, குறைந்தது ஏழு வருடத் தண்டனைக்குரிய கொடுங்குற்றம் ஒன்றில் சிக்கினால், குழுமம் முதற்கட்ட மதிப்பீடு என்று ஒன்று செய்யும். அதன்பின் குழந்தைகள் நீதிமன்றம் அவனைப் பெரியவர்களை விசாரிப்பது போலவே விசாரிக்கலாம். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடம். இன்று உங்கள் மகன் பையில் இருந்தது பொட்டலம். ஆந்திரா, ஒடிசா எல்லையிலிருந்து ரயிலில் வருகிற பையை ஸ்டேஷனில் இறக்கிக்கொண்டு வா என்று நாளைக்குச் சொன்னால், உள்ளே இரண்டு கிலோவா இருபது கிலோவா என்று தூக்குகிற பையனுக்குத் தெரியாது. வயதைக் குற்றம் நடந்த நாளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். உங்களுக்கு நாலு மாதம் இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். அவனுடைய பள்ளிச் சான்றும் மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றும் எங்கே இருக்கின்றன என்று இன்றே பார்த்து எடுத்து வையுங்கள். வயது விஷயத்தில் முதலில் கேட்கப்படுவது அவைதான்.

இன்னொன்றையும் அந்த ஆள் மறைத்தான். பிள்ளைக்குத் தண்டனை குறைவு. பிள்ளையை வைத்துச் செய்கிறவனுக்குத் தண்டனை அதிகம்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 95ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 18 வயது ஆகாத ஒருவரைக் குற்றம் செய்ய வேலைக்கு அமர்த்தினாலோ ஈடுபடுத்தினாலோ குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் பத்து வருடம் சிறை. அந்தக் குற்றம் நடந்தும் விட்டால், அதை அவனே செய்ததாக வைத்து அதற்கான தண்டனையும் சேரும். இளைஞர் நீதிச் சட்டத்தில் 78ஆம் பிரிவு, பிள்ளையை வைத்துப் போதைப் பொருள் விற்பவனுக்கும் கடத்துபவனுக்கும் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. 83ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பிள்ளைகளைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் சொல்கிறது. போதைப் பொருள் சட்டமும், பிள்ளைகளைப் பயன்படுத்தியிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக் குறைந்தபட்சத் தண்டனைக்கு மேலேயே கொடுக்கலாம் என்கிறது.

இவ்வளவு இருந்தும் என் மனதில் ஆறாத ஒன்று உண்டு. நான் உறுப்பினராக இருந்தபோது ஒரே தெருவிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் மூன்று பையன்கள் வந்தார்கள். முதல் பையனுக்கு ஆலோசனை கொடுத்தோம், பள்ளியில் திரும்பச் சேர்த்தோம், நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம். இரண்டாவது பையன் வந்தபோது சந்தேகம் வந்தது. மூன்றாவது பையன் வந்த அன்றைக்குப் பழைய வழக்குக் கட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். மூன்றிலும் பிள்ளையின் பெயர் இருந்தது, பொட்டலத்தின் எடை இருந்தது. கொடுத்து அனுப்பிய பெரியவன் பெயர் ஒன்றில்கூட இல்லை. ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று ஒரு வரி. அந்த நபரைத் தெருவில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். நாங்கள் ஒவ்வொரு பையனாகத் திருத்திக்கொண்டிருந்தோம், அவன் ஒவ்வொரு பையனாக எடுத்துக்கொண்டிருந்தான். முதல் கட்டிலேயே ‘யார் கொடுத்தது?’ என்று நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும். அதனால் உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் மகனைக் காப்பாற்றும்போது அந்த ஆளின் பெயரையும் எழுத்தில் கொண்டுவாருங்கள். எதிர் கடை வாசலில் இப்போது வேறு எந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, போலீசுக்குப் போனால் உங்கள் பையனைத்தானே பிடிப்பார்கள்? இந்தப் பயம் நியாயமானது. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

இளைஞர் நீதிச் சட்டத்துக்கு இரண்டு வாசல் இருக்கிறது. சட்டத்துக்கு முரணாக நடந்ததாகச் சொல்லப்படும் பிள்ளை வருகிற வாசல் ஒன்று. அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை வருகிற வாசல் இன்னொன்று. அது மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். போதைப் பழக்கத்திலோ கடத்தலிலோ இழுத்துவிடப்படும் ஆபத்தில் இருக்கிற பிள்ளையும் இந்த இரண்டாவது வகையில் வருவான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிள்ளை ஒன்றுதான். ரோட்டில் சோதனையில் பையோடு சிக்கினால் முதல் வாசல். அதற்கு முன்னால் நீங்களே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னால் இரண்டாவது வாசல். பிள்ளையே நேரில் போகலாம். போலீசோ சமூகப் பணியாளரோ கூட்டிப் போகலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் செய்தும் சொல்லலாம். இதனால் அவன் மேல் வழக்கே வராது என்று நான் உறுதி தர மாட்டேன். வந்தாலும், ‘இந்தப் பிள்ளையை ஒரு பெரியவர் பயன்படுத்தினார், தாயே முன்வந்து சொன்னார்’ என்ற பதிவு முதலில் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. குழுமமும் அப்படிப்பட்ட பிள்ளையை நலக் குழுவுக்கு அனுப்பலாம்.

விசாரணை நடக்கும்போது பிள்ளைகளை வைக்கிற கூர்நோக்கு இல்லம் என்றால் உங்களுக்கு நடுக்கம் வரும். எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பிள்ளை ஒருவன் இறந்தான். அடித்ததாக இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. நல்ல மனம் படைத்த கண்காணிப்பாளர்கள் நடத்துகிற இல்லங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எந்தப் பிள்ளையையும் அங்கே அனுப்பாமல் முடித்தால் நல்லது என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறேன். நீங்கள் முந்திக்கொண்டு இரண்டாவது வாசலுக்குப் போக வேண்டும் என்று நான் மன்றாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வேலையாக 15100க்கு போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். எங்கும் மனுக் கொடுக்கும் முன் அந்த வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், கக்கூஸில் கொட்டியதையும் சேர்த்து. அதை மறைக்கவும் வேண்டாம், வேறு கதை சொல்லவும் வேண்டாம். இனி அப்படி ஏதாவது வீட்டில் கிடைத்தால் கொட்டாதீர்கள், நீங்களே கையில் எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்யாதீர்கள். அப்படியே வைத்துவிட்டு வக்கீலுக்கு போன் செய்து, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

மனுவில் வார்த்தை முக்கியம். ‘என் மகன் கஞ்சா விற்றுவிட்டான், மன்னித்து விடுங்கள்’ என்று பல தாய்மார்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். அப்படி எழுதாதீர்கள். நடந்தது என்னவோ அதை எழுதுங்கள்: ‘15 வயதுள்ள என் மகனை மேற்படி நபர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அழைத்து, பொருள்கள் வாங்கிக் கொடுத்துக் கடனாளியாக்கி, கஞ்சா பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பயன்படுத்தினார். இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார். அவனது ஏடிஎம் கார்டையும் வைத்திருக்கிறார். அவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 95, இளைஞர் நீதிச் சட்டம் பிரிவுகள் 78, 83 ஆகியவற்றின் கீழ் நடவடிக்கை எடுக்கவும், என் மகனைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாக ஏற்றுப் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுகிறேன்.’ வக்கீல் இதைத் திருத்தினால் திருத்தட்டும், ஆனால் அந்த ஆளின் பெயரையும் பிரிவு எண்களையும் எடுத்துவிட விடாதீர்கள்.

ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். போனதும் அவரைத்தான் கேளுங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் அந்த ஆளுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்களோ என்று தயக்கமாக இருந்தால் மாநகரப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் வராதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். உங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது உங்கள் யூனிட்டில் தொழிற்சங்கம் இருந்தால் அவர்களை. மிரட்டல் வந்தால் அன்றைய தேதியோடு அடுத்த மனு.

உங்கள் கடிதத்தில் ஏடிஎம் கார்டு பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. என்னை அதிகம் பதற வைத்தது அதுதான். உதவித்தொகைக்காகத் திறந்த மாணவர் கணக்குகளைச் சைபர் மோசடிப் பணம் கடந்து போகிற வாய்க்காலாகப் பயன்படுத்துகிறார்கள். ஏமாந்தவர் புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் தேடுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். நாளைக்கே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்குங்கள், பாஸ்புக்கில் வரவு செலவு போட்டு வாங்குங்கள். தெரியாத பணம் வந்து போயிருந்தால் அதையும் மனுவில் சேருங்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் போன் செய்து சொல்லுங்கள்.

அந்த போனைப் பிடுங்கி உடைத்துவிடாதீர்கள். அதில் இருக்கிற மெசேஜ், கால் விவரம், ஜிபேயில் வந்த பணம் எல்லாம் அந்த ஆளுக்கு எதிரான சாட்சி. உங்கள் மகன் எதையும் அழிக்காமல் பார்த்துக்கொண்டு, அப்படியே வக்கீலிடம் காட்டுங்கள்.

உங்கள் அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது, வரிசைதான் மாற வேண்டும். யாரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாக பஸ் ஏற்றிவிட்டால் கடன் இங்கேயே நிற்கும். ஒருவேளை வழக்கு வந்தால் ஓடி ஒளிந்தவன் என்ற பெயரும் வரும். அப்படிச் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன் பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க வந்தான். வந்த மறுநாளே வாசலில் வண்டி நின்றது, ‘பழைய கணக்கு என்னாச்சு?’ என்று. முதலில் நலக் குழுவிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்குத் தெரிந்தே மாமா வீட்டுக்கு அனுப்புங்கள். இதில் நிறையப் பேருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் பொது விதி. மறுக்கச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று, வெளியே விட்டால் மறுபடியும் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்பது. எதிர் வீட்டிலேயே அந்த ஆள் இருக்கும்போது குழுமம் அதை யோசிக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் ‘ஆண்டிபட்டியில் தாய்மாமா இருக்கிறார், வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார்’ என்று சொல்ல முடிந்தால் பெரிய பலம். உங்கள் அண்ணனிடம் இப்போதே பேசி வையுங்கள்.

பள்ளிக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இப்படிப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகையிலும் டிவியிலும் வெளியிடுவது குற்றம். வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் அந்தப் பதிவை வெளியே சொல்லக் கூடாது. வகுப்பாசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒரு வெளி ஆள் தொந்தரவு, குழந்தைகள் நலக் குழுவிடம் போயிருக்கிறோம், வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போய்விடக் கூடாது’ என்று சொன்னால் போதும். செலவுக்கு வழியில்லாமல்தான் அவன் வேலைக்குப் போனான் என்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவுக்கு மனுக் கொடுங்கள். மாதம் 4,000 ரூபாய். நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். திருப்பூரில் பீஸ் கணக்குக்கு உழைக்கிற ஒரு அம்மாவே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். அந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் கம்பெனி கேட்டிலேயே வயதுச் சான்று பார்க்காமல் ஆளை உள்ளே விடுவதில்லை. குழந்தைத் தொழிலாளர் என்ற வார்த்தைக்கு அத்தனை பயம். பிள்ளையைப் போதைப் பொருள் கடத்தப் பயன்படுத்துவதும் குழந்தைத் தொழில்தான், அதிலும் மிகக் கொடிய வகை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கை 1999லேயே சொல்லிவிட்டது. இந்தியா அதை ஏற்றது 2017இல். அந்த வாட்டர் சர்வீஸ் கடைக்கு வண்டி கழுவ விடுகிற பெரியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஒருவராவது ‘இந்தப் பையனுக்கு என்ன வயசு, பள்ளிக்கூடம் போகலையா?’ என்று கேட்டிருந்தால், அது கண்காணிக்கப்படுகிற இடம் என்பதாவது அந்த ஆளுக்கு உறைத்திருக்கும்.

கடைசியாக, மகனிடம் எப்படிப் பேசுவது. ‘ஏன்டா செஞ்சே?’ என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. ‘உன்கிட்ட முதல்ல யாரு, எப்ப, என்ன சொல்லிக் குடுத்தாங்க?’ என்று கேளுங்கள். சோறு போட்டுவிட்டு, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல மாட்டான். சொன்ன வரைக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆளைத் திட்டினால் உங்களிடம் சண்டைக்குக்கூட வருவான், அதற்கும் தயாராக இருங்கள். அவனைப் பொறுத்தவரை அது இன்னும் ‘அண்ணன்’தான். ‘12,000 ரூபாய்க்கு நீ பொறுப்பு இல்ல, அம்மா பார்த்துக்கறேன், நாம கட்டப் போறதும் இல்ல’ என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மூன்று வாரமாக அவன் தூங்காமல் இருப்பதும் அந்தத் தொகையை நினைத்துத்தான். அவனே அதைப் புகைக்கவும் தொடங்கியிருக்கிறானா என்று கேளுங்கள். ஆம் என்றால் அதற்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள்.

ஷிப்டைப் பார்த்துக்கொண்டு நாட்களைத் தள்ளாதீர்கள். வங்கிக்கும் வக்கீலுக்கும் நாளையே அரை நாள் பர்மிஷன் போடுங்கள். மனு இந்த வாரத்துக்குள் போகட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்லிவிடுங்கள். எதிர் கடை ஷட்டர் திறக்கிற நேரத்தில் உங்கள் மகன் அருகில் வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும்.